பழம் தின்கிற பல்லிக்குத் தாடை ஏன் இளகுகிறது?

உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

“எங்க பையன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும்போது கிரெஸ்டட் கெக்கோ என்று ஒரு வெளிநாட்டுப் பல்லி வாங்கி வளர்த்தான். வேலை கிடைத்துப் புனே போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போனான். எட்டு மாதம் ஆகிறது. முதலில் கிட்டப் போகவே பயமாக இருந்தது. இப்போது பொழுது சாய்ந்தால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் வைத்துவிட்டுப் போன தீனிப் பொடி இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அப்புறம் பூவன் பழத்தைப் பிசைந்து இரண்டு சொட்டுத் தேன் விட்டு வைக்கிறேன். நன்றாக நக்கிச் சாப்பிடுகிறது. மழை பெய்தால் ஈசல் பிடித்துப் போடுவேன். கடைக்காரர் சொன்னபடி மேலே மஞ்சள் பல்பு எரிகிறது. இருபது நாளாகக் கண்ணாடியில் ஏறுவதில்லை, தாவுவதில்லை. வால் ஒரு பக்கமாக வளைந்து கிடக்கிறது. நேற்றுப் பார்த்தால் வாய் சரியாக மூடவில்லை, கீழ்த்தாடையைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. வயசாகிவிட்டதா? வெற்றிலைச் சுண்ணாம்பைப் பழத்தில் கலந்து கொடுத்தால் எலும்பு பலப்படும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? தனியாக இருக்கிற ஏக்கமோ என்று என் தம்பி மகன் திருமூர்த்தி மலையில் ஒரு பல்லி பிடித்து வந்து துணைக்கு விடுகிறேன் என்கிறான். மாமியார், பேசாமல் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார். மகளும் இரண்டு வயதுப் பேரனும் லீவுக்கு வருகிறார்கள். என்ன செய்வது?”

அம்மா, காரணங்களை அப்புறம் சொல்கிறேன். இதைப் படித்த உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அதில் கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு காரம் மிகுந்தது. நமக்கே கொஞ்சம் கூடினால் நாக்கு வெந்துபோகிறது. உங்கள் கெக்கோவின் மொத்த எடையே 40 கிராமை ஒட்டித்தான் இருக்கும். அந்த வாயும் குடலும் அதைத் தாங்காது.

மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். இந்தச் சித்திரை வெயிலில் அதற்குப் பல்பு தேவையே இல்லை.

பெட்டிக்குள் உயரமாக இருக்கும் கிளைகளை வெளியே எடுத்துவிடுங்கள். எலும்பு இளகின நிலையில் அரை அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் கால் முறியும், முதுகெலும்பு நசுங்கும். தரையில் வெள்ளை டிஷ்யூ பேப்பரை விரித்து, ஒளிந்துகொள்ள ஒரு சின்ன அட்டைப் பெட்டியும் இரண்டு இலைக்கொத்தும் தாழ்வாக வைத்தால் போதும். கையில் எடுக்க வேண்டாம். தாடையையும் இனித் தொட்டுப் பார்க்காதீர்கள்.

அப்புறம், இந்த வாரத்துக்குள் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். கால்விரலோ உடம்போ துடித்தாலும் வெட்டி வெட்டி இழுத்தாலும் இந்த வாரம் என்பது இன்றைக்கு என்று ஆகிவிடும். உடுமலையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது, நாமக்கல்லில் பழைய கல்லூரி இருக்கிறது. முதலில் போன் செய்து, பல்லி, ஆமை, பறவை பார்க்கிற டாக்டர் என்றைக்கு இருப்பார் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். விடிகாலையில் போங்கள். காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் ஈர டிஷ்யூ விரித்துக் கொண்டுபோகலாம். மத்தியானப் பஸ்ஸில் மட்டும் வேண்டாம்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

வயசில்லை அம்மா. நன்றாக வளர்த்தால் கிரெஸ்டட் கெக்கோ 15 முதல் 20 வருடம் வரை இருக்கும். உங்கள் பையன் படிக்கும்போது வாங்கியது என்றால் இன்னும் இளசுதான். ஏக்கமும் இல்லை. இது தனியாகவே வாழ்கிற பிராணி, துணை இல்லை என்று வாடாது.

நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் ஒரே நோயைத்தான் காட்டுகிறது. உடம்பில் கால்சியம் வற்றி எலும்பு இளகும் நோய். வளர்ப்புப் பல்லிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். உறுதி செய்ய எக்ஸ்ரே வேண்டும், ஆனால் இளகின தாடை, வளைந்த வால், ஏற முடியாத கால் என மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்குப் பெரிய சந்தேகம் வருவதில்லை.

உங்கள் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். சீமைப்பசு கன்று போட்ட மறுநாள் எழ முடியாமல் படுத்துக்கொண்டு, தலையைத் திருப்பி வயிற்றில் சாய்த்துக்கொள்ளுமே, பால் காய்ச்சல் என்போம். டாக்டர் வந்து கால்சியம் பாட்டில் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும். கோழிக்குக் கிளிஞ்சல் குறைந்தால் தோல் முட்டை போடும். இதுவும் அந்தக் குடும்பத்து நோய்தான். தசை அசையவும் இதயம் துடிக்கவும் இரத்தத்தில் கால்சியம் ஒரு அளவில் இருந்தே ஆக வேண்டும். தீனியில் வராவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்ளும். பசுவுக்கு ஒரே இரவில் வருவது இதற்கு ஆறேழு மாதத்தில் மெதுவாக வந்திருக்கிறது. அதனால் குணமாகவும் மாதங்கள் ஆகும்.

நன்றாகத்தானே சாப்பிட்டது என்று கேட்பீர்கள். சாப்பிட்டது, வயிறும் நிறைந்தது. ஆனால் 100 கிராம் வாழைப்பழத்தில் கால்சியம் 5 மில்லிகிராம் அளவுதான், பாஸ்பரஸோ 22 மில்லிகிராம். இந்தப் பிராணிக்கு வேண்டியது நேர் எதிர்: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு. பாஸ்பரஸ் மிஞ்சினால், வருகிற கொஞ்சநஞ்சக் கால்சியமும் உடம்பில் ஒட்டாது. தேன் வெறும் சர்க்கரை. ஈசலில் புரதமும் கொழுப்பும் உண்டு, கால்சியம் மிகக் குறைவு. ஆக எட்டு மாதத்தில் ஆறு மாதம் அதன் எலும்புக்கு ஒன்றுமே போகவில்லை.

இதைச் சொல்லும்போது உங்கள் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரிகிறது. கையில் ஒரு ஜீவனைக் கொடுத்துவிட்டு, பொடி தீர்ந்தால் என்ன செய்வது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. அது விரும்பிச் சாப்பிட்டதை நீங்கள் தினமும் பிசைந்து வைத்திருக்கிறீர்கள். வெளிநாடுகளில் இதை முதலில் வளர்த்தவர்களும் குழந்தைகளுக்கான பழக்கூழைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான், அது போதாது என்று கண்டு பொடித் தீனிக்கு வந்தார்கள்.

பல்பு விஷயத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம், பனியன் கம்பெனி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் திருப்பூரிலிருந்து இதே வகைக் கெக்கோவைக் கொண்டுவந்தார். தீனி எடுக்கவில்லை, சோர்ந்து கிடக்கிறது என்றார். அதுவரை நான் பார்த்திருந்ததெல்லாம் லெப்பர்டு கெக்கோ. அது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துப் பிராணி. வயிற்றுக்கடியில் 32 டிகிரிச் சூடு இருந்தால்தான் அதற்குத் தின்றது செரிக்கும். பல்லி என்றால் சூடு வேண்டும் என்று என் மனசில் பதிந்திருந்தது. பல்பு போடச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் செத்துப்போய்விட்டது. அந்தத் தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே வெப்பத்தில் தவித்துக்கொண்டிருந்த ஒன்றுக்கு நான் இன்னும் சூடு கொடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பிராணி வந்தாலும் அதன் சொந்த ஊர் எது என்று முதலில் பார்க்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

கிரெஸ்டட் கெக்கோவின் ஊர் நியூ கலிடோனியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் உள்ள தீவுக்கூட்டம். அங்கே ஈரக்காட்டில் மரத்தில் வாழ்கிறது. 1866-இல் முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். அப்புறம் வெகுகாலம் கண்ணில் படாததால் அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1994-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். கடல்காற்றும் மழையும் உள்ள ஊர் என்பதால் 22 முதல் 26 டிகிரி வரை அதற்குச் சுகம். 28-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் தீனியை மறக்கும். 30-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. லெப்பர்டு கெக்கோவுக்குச் சரியான சூடு இதற்கு எமன். இரண்டையும் ஒரே கடையில், ஒரே பேச்சில் விற்கிறார்கள். உங்கள் பல்பு வந்த கதையும் அதுவாகத்தான் இருக்கும்.

உடுமலையில் சித்திரைப் பகல் 35 டிகிரியைத் தாண்டுகிறது. கரூர், ஈரோடு பக்கம் 40-ஐத் தொடுகிறது. அதனால் கொங்கு நாட்டில் இந்தப் பிராணியை வளர்ப்பதில் பெரிய வேலை குளிர்ச்சிதான். மாசி முதல் வைகாசி வரை இதை மறக்கக் கூடாது.

பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆஸ்பெஸ்டாஸ், தகரம் போட்ட அறையிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழ் அறையிலோ இருந்தால் இன்றே மாற்றுங்கள். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் அனலைக் கக்கும். பழைய ஓட்டு வீடு என்றால், வடக்குப் பார்த்த அறையில், தரையோடு ஒட்டி வையுங்கள். நெல்லும் பருப்பும் கெடாமல் இருக்கிற இருட்டு அறை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்குமே, அதுதான் நல்ல இடம். அங்கே பூச்சி மருந்து, எலி மருந்து மட்டும் இருக்கக் கூடாது.

இருநூறு முந்நூறு ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது. ஒன்று வாங்கி, கெக்கோ உட்காரும் இடத்தில் வையுங்கள். சுவரில் மாட்டினால் பிரயோசனமில்லை. 28-ஐத் தொட்டால், தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் உறையவைத்து, துணி சுற்றி, பெட்டியின் மேல் வலை மூடியில் படுக்க வையுங்கள். குளிர்காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும். இரண்டு பாட்டில் இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். நம் பக்கத்துக் கோடைக்காற்று வறண்டது என்பதால் ஈரச்சாக்கு வித்தையும் நன்றாக வேலை செய்யும். பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படி. பெட்டியின் இரண்டு பக்கம் நனைந்த சாக்கைத் தொங்கவிட்டு, அறையில் ஃபேனை மெதுவாகச் சுழலவிடுங்கள். முன்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். அது தரையில் வந்து தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் படுத்தாலோ வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ சூடு தாங்கவில்லை என்று பொருள். ஏசி அறை இருந்தால் வெயில் உச்சியில் கொண்டுபோய் வைக்கலாம், ஆனால் ஏசி காற்றை உலர்த்திவிடும், கூடுதலாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிட்டால் உங்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. அப்போது சூடு இறங்கும். காற்றாடி சுற்றுகிற அந்த நாலு மாதமும் ஈரம் பறந்துவிடாமல் மட்டும் பார்க்க வேண்டும்.

தண்ணீர் தெளிப்பது இதற்குக் குடிப்பதற்கும் சேர்த்துத்தான். இலையில் நிற்கும் துளியை நக்கிக் குடிக்கும். பொழுதோடு ஒருமுறை நன்றாக, விடிகாலையில் ஒருமுறை லேசாகத் தெளியுங்கள். இரவில் ஈரப்பதம் 60 முதல் 80 வரை ஏறலாம், பகலில் 50-க்கு வந்து காய வேண்டும். எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை பிடிக்கும், காய்ந்தே கிடந்தால் தோல் உரியாது. உரிந்த தோல் விரல் நுனியில் வளையம் போலத் தங்கிவிட்டால் இரத்தம் ஓடாமல் விரலே விழுந்துவிடும். தோல் உரித்த மறுநாள் விரல்களைப் பாருங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்ணாடியில் வெள்ளை படியும், குடிக்கிற தண்ணீரையே தெளியுங்கள்.

இனித் தீனி. இதில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பையனுக்கும் போனில் படித்துக் காட்டுங்கள்.

கிரெஸ்டட் கெக்கோவுக்கென்றே தயாரித்த பொடித் தீனிதான் அடிப்படை. பழம், புரதம், கால்சியம், வைட்டமின் டி3 எல்லாம் அளவோடு கலந்தது. விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஒரு கெக்கோ தின்பது மிகக் குறைவு. ஒரு பாக்கெட் பல மாதம் வரும். பையனை ஆன்லைனில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள், இது அவர் பொறுப்பு. காலாவதித் தேதி பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பிரித்த பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வையுங்கள், நம் வெயிலில் வெளியே வைத்தால் வைட்டமின் வீணாகிவிடும்.

ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டால் தோசை மாவுப் பதத்துக்கு வரும். கெட்டியாகிவிட்டால் இன்னும் சில சொட்டு விடுங்கள். பாட்டில் மூடி அளவு போதும். பொழுது சாய்ந்த பிறகு வைத்து, விடிந்ததும் எடுத்துவிடுங்கள். குளிர் ஊரில் ஒரு நாள் முழுக்க வைக்கலாம் என்பார்கள், நம் ஊரில் புளித்துவிடும். வளர்ந்த கெக்கோவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இப்போது நோயில் இருப்பதால் டாக்டர் சொல்லும் வரை தினமும் வையுங்கள். தாடை சரியாகும் வரை அதற்குக் கடிக்க முடியாது. இந்த நக்குத் தீனிதான் சாப்பாடு. வாழைப்பழ ருசிக்குப் பழகியது பொடியை உடனே ஏற்காமல் முகம் திருப்பலாம். பொடிக் கலவையில் கால் பங்கு பழம் சேர்த்து ஆரம்பித்து, பத்து நாளில் பழத்தைக் குறைத்து நிறுத்திவிடுங்கள்.

பாக்கெட் வந்து சேரும் வரை என்ன செய்வது? வாழைப்பழத்துக்குப் பதில் பப்பாளி வையுங்கள். பழங்களில் பப்பாளியும் அத்தியும்தான் நம் கணக்குக்கு ஒத்துவருபவை. பப்பாளியில் 100 கிராமுக்குக் கால்சியம் 20, பாஸ்பரஸ் 10 மில்லிகிராம் அளவு. அதன் மேல் ஒரு சிட்டிகை சுத்தமான கால்சியம் கார்பனேட் பொடி தூவலாம். பறவைத் தீனிக் கடையில் தொங்கும் கடல் நுரை என்கிற கணவாய் ஓட்டைச் சுரண்டி மாவாக அரைத்துச் சலித்தால் அதுவும் கால்சியம் கார்பனேட்தான். முட்டை ஓட்டை வேகவைத்து, காயவைத்து, துணியில் சலிக்கும் அளவுக்கு அரைத்தாலும் சரி. ஆனால் இது சில நாள் சமாளிப்பு மட்டுமே. இதில் டி3 இல்லை, டி3 இல்லாமல் கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறுவதில்லை.

டி3 என்றதும் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதித் தந்த 60,000 யூனிட் டி3 பாக்கெட் இருக்கலாம். அதில் ஒரு துளி எடுத்தும் கொடுத்துவிடாதீர்கள். 60 கிலோ மனிதருக்கான மருந்து 40 கிராம் உயிருக்கு விஷமாகிவிடும். மாட்டுக்கு, கோழிக்குக் கொடுக்கும் கால்சியம் டானிக்கும் அப்படித்தான். இதற்கு எத்தனை சொட்டு, எத்தனை நாள் என்பதை எடை பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். பால் வேண்டாம், செரிக்காது. முட்டை மஞ்சள் கருவில் பாஸ்பரஸ்தான் மிகுதி, அதுவும் வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம் எப்போதும் வேண்டாம்.

வெயிலில் காட்டினால் டி3 உண்டாகுமே என்று யாராவது சொல்வார்கள். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வராது. கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தாலோ பத்து நிமிடத்தில் அது அடுப்பாகிவிடும். அந்தக் கதிரைத் தருகிற, பல்லிகளுக்கான குறைந்த அளவு யுவிபி குழல் விளக்கு ஒன்று போட்டால் குணமாவது வேகப்படும். அந்த விளக்கு சூடு தராத வகையாக இருக்க வேண்டும், தினம் பத்து மணி நேரம் போதும், படாமல் ஒதுங்கிக்கொள்ள நிழலும் இருக்க வேண்டும்.

தாடை கெட்டியான பிறகு, வாரத்தில் ஒருநாள் பூச்சி கொடுக்கலாம். உங்கள் ஊரில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. உடுமலை, கோபி பக்கமெல்லாம் பட்டுப்புழு வளர்ப்பு உண்டு. மெல்லிய தோல், நீர்ச்சத்து, நல்ல புரதம் உள்ள பட்டுப்புழுவைக் கெக்கோ விரும்பித் தின்னும். கடைகளில் விற்கும் மீல்வார்ம் புழுவைவிட இது எவ்வளவோ மேல். மீல்வார்மின் தோல் தடிப்பு, பாஸ்பரஸும் பல மடங்கு. ஆனால் புழு வளர்ப்பு மனையில் படுக்கை மேல் கிருமிநாசினித் தூளும் சுண்ணாம்பும் தூவுவார்கள். நேராக அங்கிருந்து எடுத்துப் போட்டால் அந்த மருந்து கெக்கோவின் வயிற்றுக்குள் போகும். தெரிந்த பண்ணையில் தூள் தூவாத சின்னப் புழுவாக நாலைந்து வாங்கி, மருந்து அடிக்காத மல்பெரி இலையில் இரண்டு நாள் தனியாக வளர்த்துவிட்டுக் கொடுங்கள். சுணங்கின புழு வேண்டாம். கெக்கோவின் இரண்டு கண்ணுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைவிடப் பருமனான எதையும் போடக் கூடாது. போடுவதற்கு முன், புழுவை ஒரு கவரில் போட்டுக் கால்சியம் பொடி தூவிக் குலுக்கி எடுங்கள்.

கோழிப்பண்ணைக்காரர்கள் இப்போது வளர்க்கும் பிஎஸ்எஃப் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின்) புழுவில் இயல்பாகவே கால்சியம் அதிகம். காய்கறிக் கழிவில் வளர்ந்ததாக இருந்தால் அதுவும் நல்லது. ஈசலை எப்போதாவது ருசிக்கு என்று இறகு நீக்கி நாலு போடலாம். வீட்டுக் கரப்பான் வேண்டாம், எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்தது என்று சொல்ல முடியாது.

பழமும் தீனியும் வைத்தால் எறும்பு வரும். பெட்டிக்கு அடியில் எறும்பு சாக்பீஸ் போட்டுவிடாதீர்கள். அது பூச்சிக்கொல்லி. காற்றில் தூசியாகப் பறந்து, கெக்கோ நக்கும் இடமெல்லாம் படியும். இதற்குக் கண் இமை கிடையாது, நாக்காலேயே கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும், முகத்தில் படிந்த எதுவும் வாய்க்குள்தான் போகும். பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதுபோல ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அந்த அறையில் கொசுவர்த்தி, லிக்விட் எதுவும் வேண்டாம்.

உங்கள் தம்பி மகனிடம் அன்பாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லுங்கள். திருமூர்த்தி மலைக் காடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு பல்லியைப் பிடித்தாலும் சட்டப்படி குற்றம். நம் மலைப் பல்லிகள் வேறெங்கும் இல்லாத செல்வம். ஆனைகட்டி மலையில் வாழும் ஒரு சின்னப் பகல்பல்லியைத் தனி இனமென்று 2005-இல்தான் அறிவியல் பதிவு செய்தது. இன்னும் பெயர் வைக்காதவை எத்தனையோ அங்கே இருக்கலாம். பிடித்து வந்து இதனுடன் விட்டால் இரண்டும் சண்டை போடும், ஒன்றின் நோய் மற்றதற்கு ஒட்டும். கடித்து இழுத்தால் உங்கள் கெக்கோ வாலை உதறிவிடும். வீட்டுப் பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும், இதற்கு முளைக்கவே முளைக்காது.

தோட்டத்தில் விடுவதும் அதற்குச் சாவுதான். இந்த வெயிலில், ஏற முடியாத காலோடு, ஒரு பகல் தாங்காது. தேறிய பிறகும் வேற்றுத் தீவுப் பிராணியை நம் மண்ணில் விடக் கூடாது. உங்களால் முடியவில்லை என்றால், வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் பையனே பேசி ஒப்படைக்கட்டும். வாங்கிய ரசீதை அவரிடமிருந்து கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுப் பிராணிகளில் சிலவற்றை வனத்துறையில் பதிய வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. இதற்கு அது பொருந்துமா என்று ரசீதைக் காட்டி மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். கவுளி சொல்வதும் பல்லி விழும் பலனும் நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு வைத்த சாஸ்திரம், இது அதில் சேராது என்று சொல்லிப் பாருங்கள். இதற்கு விஷம் கிடையாது. ஆனால் அவர் ஒதுங்கி இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. பல்லிகளின் குடலில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும். அதற்கு ஒன்றும் செய்யாது, வயதானவர்களுக்கும் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கும் கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரலாம். பேரன் வந்தால் தூர நின்று பார்க்கட்டும், தொட வேண்டாம். தீனி மூடியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் பொடக்காளியில் தனியாகக் கழுவுங்கள். பெட்டியில் கை வைத்த ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

குணமாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்கப் பயந்திருப்பீர்கள். வாய் திறந்து நக்கிக் குடிக்கிறது, உடம்பு துடிக்கவில்லை என்றால் எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது. சில வாரத்தில் தாடை கெட்டிப்படும், இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி ஏறும். வளைந்த வாலும் வளைந்த எலும்பும் நேராகாது, அப்படியே கெட்டியாகும். தாடை கொஞ்சம் கோணலாக நிற்கலாம். அதோடு பல வருடம் நன்றாக வாழ்கிற கெக்கோக்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெண்ணாக இருந்தால் டாக்டரிடம் அதையும் கேளுங்கள். ஆண் இல்லாமலும் சில பெண் கெக்கோக்கள் கரு இல்லாத முட்டை இடும், ஒவ்வொரு முட்டைக்கும் உடம்பில் இருக்கிற கால்சியம்தான் போகும்.

கிராம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு, நகைக்கடைகளில் வைத்திருப்பார்களே, அது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டப்பாவோடு எடை போட்டு, வெறும் டப்பாவின் எடையைக் கழித்தால் கையில் பிடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எடை, அன்றைய அதிகபட்ச வெப்பம், தீனியில் எவ்வளவு தின்றது என்பதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும், இதுவரை என்னென்ன கொடுத்தீர்கள் என்ற விவரத்தையும், பல்பின் போட்டோ ஒன்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.